பளிச் மாமா வாங்கிய பெரிய வண்டி

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பளிச் என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைக் கடை வைத்திருக்கிறார். மை, துரு, ரத்தம், குழந்தை கக்கியது என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். துவைத்துத் தேய்த்து உறைக்குள் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, "கறை எங்க இருந்துச்சு, காட்டுங்க பார்ப்போம்" என்று வாடிக்கையாளரையே தேடவிடுவார். அவர்கள் தேடித் தோற்ற பிறகுதான் காசு வாங்குவார். எனக்கு அவர் மாமா. எனக்குப் பிடித்த மனிதர்களில் ஒருவர். என் ரத்தக் கொதிப்புக்கு முக்கியக் காரணமும் அவர்தான்.

மனிதருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. எப்போது பார்த்தாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் நிற்பார். நம் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்காரும் முன் சுவரில் இருக்கும் சுவிட்சைத் துடைப்பார். விருந்துக்குப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் சட்டையில் ஏதோ தெறித்துவிட்டது. மாமா ஒரு கையில் உப்பும் மறு கையில் தண்ணீருமாகப் போய் அந்த மனிதரின் நெஞ்சில் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் அடிக்கத்தான் வருகிறார் என்று அந்த ஆளின் மனைவி கத்தினாள். நான் நடுவில் போய் விலக்கிவிட வேண்டியதாயிற்று.

அக்கா அவருக்கு நேர்மாறு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு பேச்சு பேசினால் ஒரு பேச்சுதான். பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம், வளைவும் ஏற்றமுமான பாதை. போன வருஷம் அங்கே மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு மூட்டு நொறுங்கி, அதை எடுத்துவிட்டு வேறு மூட்டு வைத்தார்கள். புது மூட்டு பொருந்திவிட்டது, வீட்டுக்குள் ஊன்றுகோலோடு நன்றாகவே நடந்தாள். வெளியே போனால் மட்டும், எந்த வண்டியிலிருந்து இறங்குவதானாலும் மாமா கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு அவர் கை வரும்வரை உட்கார்ந்தே இருப்பாள். தரையைப் பார்த்தால் அந்தப் படி ஞாபகம் வருகிறது என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவிடவில்லை.

அவளுடைய மருத்துவ விடுப்பு பள்ளி திறக்கும் திங்கட்கிழமையோடு முடிகிறது. அன்று போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். பேருந்துப் படி அவளுக்கு ஆகாது. சாதாரணக் காரில் சீட்டு தாழ்வு, இடுப்பை அந்த அளவுக்கு மடக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இடுப்பு உயரத்தில் சீட்டும் மலையேறும் தெம்பும் உள்ள வண்டி வேண்டும். புது எஸ்யூவி வாங்க எங்களுக்கு வக்கு இல்லை. அதனால்தான் பழைய வண்டி தேடிக் கிளம்பினோம்.

நான் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக் கொடுப்பவள். மாமாவுக்கும் நான்தான் கற்றுக் கொடுத்தேன், அந்தக் கதை வேறு. பழைய வண்டி என்றால் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓரளவு தெரியும். கிளம்பும் முன்பே பாடம் எடுத்தேன்.

"மாமா, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும். சூடா வச்சிருந்தா ஏன்னு கேக்கணும். டயர் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா அடிபட்ட வண்டி. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்து சேறோ துருவோ இருந்தா வெள்ளத்துல நின்ன வண்டி. ஏத்தத்துல ஓட்டிப் பார்க்காம கை நீட்டாதீங்க. புரியுதா?"

"புரியுது, புரியுது" என்றார், என் வண்டியின் டேஷ்போர்டைத் துடைத்துக்கொண்டே.

பழைய வண்டி விற்கும் அந்த மைதானத்தில் எங்கள் கணக்குக்குள் வந்தவை இரண்டுதான். ஒன்று சாம்பல் நிறம், உடம்பெல்லாம் சேறு, ஆனால் முதல் நாளிலிருந்து செய்த சர்வீஸுக்கெல்லாம் ரசீது இருந்தது. இன்னொன்று வெள்ளை, கண்ணாடி மாதிரி மின்னியது. மாமாவின் கால் தானாக வெள்ளை வண்டிக்குப் போனது. சீட்டுக்குள் தலையை விட்டார், முகர்ந்தார், தையலை விரலால் விலக்கிப் பார்த்தார். வெளியே வந்து, "இதுல ஒரு குழந்தை பால் கொட்டியிருக்கு, ஒரு நாய் வந்திருக்கு, தண்ணியில நிக்கவே இல்ல. நல்ல குடும்பத்து வண்டி" என்று சாதகம் கணித்தார்.

நான் பானெட்டைத் திறந்தேன். உள்ளே எஞ்சின் கழுவிக் குளிப்பாட்டி வைத்த மாதிரி இருந்தது. எனக்கு மூக்கு வேர்த்தது.

"இவ்வளவு வருஷம் ஓடின எஞ்சின் எப்படி மாமா இப்படி இருக்கும்? கழுவி வச்சிருக்காங்க. எதையோ மறைக்கத்தான் எஞ்சினைக் கழுவுவாங்க."

"சுத்தமா வச்சிருக்கிறதுகூட குத்தமா?" என்றார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

விற்பனைக்காரன் பக்கம் திரும்பினேன். கம்பெனி வாரண்டி பாக்கி இருக்கிறதா, இருந்தால் புதுச் சொந்தக்காரர் பேருக்கு மாறுமா என்று கேட்டேன். அது முடிந்துவிட்டது என்றான். ஆனால் அவர்களே சொந்தமாக ஒரு வாரண்டி தருவார்களாம். எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டுக்கும். குறிப்பிட்ட நாட்கள் அல்லது குறிப்பிட்ட தூரம், எது முதலில் வருகிறதோ அதுவரை. தேய்கிற சாமான் எதுவும் சேராது. பிரேக், டயர், பேட்டரி, ரப்பர் எல்லாம் நம் தலையில். அவர்கள் பட்டறையில்தான் காட்ட வேண்டும், வெளியாள் ஸ்பேனர் வைத்தால் வாரண்டி போய்விடும்.

"கோளாறு இருக்குன்னு யார் சொல்லணும்? நாங்க சொன்னா போதுமா?"

"எங்க மேனேஜர் கண்ணால பார்க்கணும் மேடம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் தீர்ப்பு சொன்னது நானுமல்ல, மாமாவுமல்ல. அக்காவை இரண்டு வண்டியிலும் ஏற்றிப் பார்த்தோம். சாம்பல் வண்டியின் சீட்டு அவளுக்கு எட்டாத உயரம். வெள்ளை வண்டியில் பக்கவாட்டில் ஒரு படி இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் அவள் முகத்தில் வலி இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்ததும் திறந்து வைத்த பானெட்டை நானே மூடினேன். மாமா அதற்குள் கையெழுத்துப் போடப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒன்று சொன்னாள். "இது சரியா வந்தா நான் வேலைக்குப் போறேன். வரலைன்னா ராஜினாமா எழுதிக் கொடுத்துடறேன். அதுக்கப்புறம் எனக்காக யாரும் எதையும் தேடி அலைய வேண்டாம்." கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மாமா என்னைப் பார்த்தார். அதன்பின் வாசலில் நின்ற வண்டியைப் போய்த் துடைத்தார்.

சில வாரம் எல்லாம் நன்றாகவே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஒத்திகை பார்க்கப் போனோம். மூன்றாவது வளைவில் கியர் மாறும்போது வண்டி கொஞ்சம் தயங்கியது. நான் பின் சீட்டில் என்னையறியாமல் இல்லாத பிரேக்கை மிதித்தேன், தொழில் பழக்கம். அடுத்த நொடி வண்டி ஒரு உதை உதைத்துக்கொண்டு பாய்ந்தது. அக்கா இரண்டு கையாலும் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அது?" என்றாள்.

"ரோடு" என்றார் மாமா.

மறுநாளே அவர் தனியாகப் பட்டறைக்குப் போனார். கம்ப்யூட்டரில் பிழை ஒன்றும் காட்டவில்லை, அடியில் கசிவும் இல்லை, மலையேறினால் எல்லா வண்டியும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பவும் உதைத்தது. திரும்பவும் போனார். அதே பதில். எங்கள் டிரைவிங் ஸ்கூல் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்கை ஒரு சுற்றுக் கூட்டிப்போய்க் கேட்டேன். "சத்தத்தைக் கேட்டா கியர்பாக்ஸ்ல எண்ணெய் குறையுற மாதிரி இருக்கு. கசிஞ்சாத்தான் குறையும். ஆனா நான் கை வச்சா உங்க வாரண்டி போயிடும். எங்க கசியுதுன்னு அவங்க கண்ணுல காட்டுங்க" என்றார். கசிவே இல்லை என்கிறார்களே, எதைக் காட்டுவது? வரும் வெள்ளிக்கிழமையோடு வாரண்டி முடிகிறது. அதற்கு அடுத்த திங்கள் பள்ளி.

அந்த வாரம் என் கோட்டு ஒன்றைக் கொடுக்க மாமாவின் கடைக்குப் போனேன். அவர் உள்ளே நீராவி இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கல்லா மேசைக்குப் பின்னால் ஒரு கூடை. கறை எடுக்க அவர் பயன்படுத்தும் வெள்ளைத் துணித் துண்டுகளை அதில்தான் போடுவார். கூடை நிரம்பி வழிந்தது. எல்லாத் துண்டிலும் ஒரே மாதிரிச் சிவப்பு. முதலில் ரத்தம் என்று நினைத்துப் பதறிவிட்டேன். எடுத்து முகர்ந்தேன். எண்ணெய். அந்தச் சிவப்பு எண்ணெயை நான் தினமும் பார்க்கிறவள். ஆட்டோமேட்டிக் வண்டியின் கியர்பாக்ஸில் ஊற்றுவது.

துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"மாமா, இது என்ன?"

திருடன் மாதிரி முழித்தார். "அது... வண்டிக்கு அடியில கொஞ்சம்..."

"எத்தனை நாளா?"

"தினமும் காலையில. எந்திரிச்சதும் படுத்துத் துடைச்சுடுவேன். தரையிலயும் ஒரு சொட்டு விடமாட்டேன்" என்றார், ஒழுங்காக வேலை செய்த பிள்ளையைப் போல.

"பட்டறைக்குக் கொண்டு போனீங்களே, அன்னைக்கு?"

"அன்னைக்கு இன்னும் நல்லா துடைச்சேன். சோப்பு போட்டு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நீராவிப் பெட்டியைத் தூக்கி அடித்திருப்பேன், கனம் அதிகம். "உங்களுக்குப் புத்தி இருக்கா? கசிவைக் காட்டத்தானே போனீங்க! துடைச்சுட்டுப் போய் நின்னா அவங்க எதைப் பார்ப்பாங்க? உங்க மூஞ்சியையா?"

"அழுக்கோட எப்படிம்மா அடுத்தவங்க முன்னாடி கொண்டு போய் நிறுத்துறது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு கேட்டேன். எஞ்சினைக் கழுவி நம்மை ஏமாற்றினார்கள், அதையே திரும்பச் செய்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம் என்றேன். அவர் கையிலிருந்த சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். காலர் கிழிந்துவிடும் போலிருந்தது. பிறகு தலை நிமிராமல் சொன்னார்.

"உங்க அக்கா ஜன்னல் பக்கத்துலதான் உக்காந்திருக்கா. காலையில காபி குடிக்கும்போது அந்த எண்ணெயைப் பார்த்தா என்ன நினைப்பா? ராஜினாமா எழுதிடுவா. எழுதினா வீட்டை விட்டே வெளிய வரமாட்டா. எனக்கு அவளைத் தெரியும். அதான் அவ எந்திரிக்கிறதுக்குள்ள துடைச்சுடறேன். அவகிட்ட சொல்லிடாதே."

என் ஆத்திரம் பாதியில் நின்றுவிட்டது. ஆனாலும் நான் ரகசியம் காக்கும் ரகமில்லை. நேரே அக்காவிடம் போய் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

"தெரியும்" என்றாள் அக்கா.

"என்ன தெரியும்?"

"தினமும் விடியுறப்போ வண்டிக்கு அடியில ரெண்டு கால் நீட்டிக்கிட்டிருக்கு. எனக்கு இடுப்புலதானே அடிபட்டுது, கண்ணுலயா?" என்றாள். "ஏதோ ரிப்பேர் பண்றார்னு நினைச்சேன். எந்திரிச்சு வரும்போது முகத்துல அவ்வளவு நிம்மதி. சரி ஆயிட்டு வருதுன்னு நினைச்சேன். துடைக்கத்தான் துடைக்கிறார்னு இப்பத்தான் தெரியுது. பைத்தியக்கார மனுஷன்" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ராஜினாமா என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

கடைசி நாளான வெள்ளிக்கிழமைக்குத்தான் பட்டறையில் நேரம் கொடுத்தார்கள். அதுவரை வண்டிக்கு அடியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டாள். யாரும் என்றால் ஒரே ஒருவர்தான். அந்த நாட்களை மாமா எப்படிக் கடத்தினார் என்று நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. விடிந்ததும் கை நமநமவென்று அரிக்கும், வாசல் வரைக்கும் போவார். ஜன்னலுக்குள்ளிருந்து ஊன்றுகோல் தரையைத் தட்டும் சத்தம் கேட்கும், திரும்பி வருவார். வந்த வேகத்தில் வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்தார். மெத்தை உறையைத் துவைத்தார். துவைக்க ஒன்றுமில்லாதபோது பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுத்து, சரியாக அலசவில்லை என்று திரும்ப அலசிப் போட்டார். அந்த வீட்டம்மா என்னிடம் வந்து, "உங்க மாமாவுக்கு உடம்புக்கு ஏதாவது?" என்று விசாரித்தாள்.

தரையில் சிவப்புப் பொட்டு நாளுக்கு நாள் பெரிதானது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருமுறை கைக்குட்டையோடு குனிந்தே விட்டார். "ஏங்க" என்றாள் அக்கா உள்ளிருந்து, அவ்வளவுதான். கைக்குட்டையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை மலையேறிவிட்டுச் சூடாகக் கொண்டுபோய் நிறுத்துவது என்று நான் திட்டம் போட்டேன். சூட்டில்தான் அதிகம் கசியும். நானே ஓட்டினேன். அக்கா வீட்டில் இருக்க மாட்டேன் என்றாள். "என் வண்டி, நான் வருவேன்" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். மாமா பின்னால். அவர் ஜன்னலை ஏற்றினார், இறக்கினார், பெல்ட்டைக் கழற்றினார், மாட்டினார். மூன்றாவது வளைவில் வண்டி உதைத்தது. இந்த முறை அது உதைத்ததில் எங்கள் மூன்று பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். "நல்லா உதை, இன்னும் உதை" என்றேன் நான்.

பட்டறை முற்றத்தில் நிழலாகப் பார்த்து நிறுத்தினேன். அக்கா சீட்டிலேயே இருந்தாள். மாமாவும் நானும் டோக்கன் வாங்க உள்ளே போனோம். கவுண்டருக்கு முன்னால் கூட்டம். சுவர் முழுக்கக் கண்ணாடி, வெளியே எங்கள் வண்டி தெரிந்தது, சத்தம் மட்டும் வராது. மாமா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார். கவுண்டர்ப் பெண்ணிடம், "மேனேஜர் வந்து அடியில பார்க்கணும், இப்பவே பார்க்கணும்" என்றேன்.

"பார்ப்பாங்க மேடம். வண்டியை வாஷ் பண்ணி முடிச்சதும் லிஃப்ட்ல ஏத்துவாங்க."

"என்ன பண்ணி முடிச்சதும்?"

"இந்த வாரத்துல இருந்து உள்ள வர்ற எல்லா வண்டியையும் அடியில தண்ணி அடிச்சுத்தான் ஏத்துவோம். மெக்கானிக் மேல சேறு விழுமில்ல. இலவசம்தான்."

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் நீண்ட துப்பாக்கி மாதிரி ஒரு தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு எங்கள் வண்டியை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் கதவைப் பார்த்து ஓடினேன். அது உள்பக்கம் இழுக்கும் கதவு, நான் தள்ளிக்கொண்டிருந்தேன். மாமா கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தார். "வேண்டாம்! வேண்டாம்!" என்று கத்தினார். வெளியே யாருக்குக் கேட்கும்?

அப்போது வண்டியின் முன்கதவு திறந்தது.

அக்காவின் கால் வெளியே வந்தது. படியில் நின்றது. ஊன்றுகோலைக் காணோம், அது பின் சீட்டில் கிடந்தது. அவள் கீழே தரையைப் பார்த்தாள். என் பக்கத்தில் மாமா அறைவதை நிறுத்திவிட்டார். கண்ணாடியோடு ஒட்டிய கை அப்படியே இருந்தது. பிடிக்க வேண்டிய அந்தக் கை இங்கே இருக்கிறது, அவள் அங்கே இருக்கிறாள். குழாய்க்காரர் குனிந்து விசையை அழுத்தினார், முதல் தண்ணீர் முன் சக்கரத்தில் அடித்துத் தெறித்தது. அக்கா இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி, பானெட்டைப் பிடித்துக்கொண்டு இன்னோர் அடி, பிறகு எதையும் பிடிக்காமல் நடந்துபோய்க் குழாய்க்கு நேரே நின்று, வகுப்பில் பையன்களை அடக்குகிற மாதிரி கையை உயர்த்தினாள். சேற்றுத் தண்ணீர் முழுக்க அவள் மேல் அடித்தது. அவள் நகரவில்லை.

நாங்கள் வெளியே போய்ச் சேர்ந்தபோது குழாய்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "கழுவக் கூடாதுன்னு சொன்னாப் போதாதாம்மா, இப்படியா வந்து நிப்பீங்க?"

"சொன்னேன். உங்க மெஷின் சத்தத்துல கேக்கல" என்றாள் அக்கா. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். "விடுங்க, நான் நின்னுட்டுத்தானே இருக்கேன். போய் மேனேஜரைக் கூப்பிடுங்க" என்றாள்.

மேனேஜர் வந்தார். வண்டியைக் கழுவாமலே லிஃப்ட்டில் ஏற்றினார்கள். கியர்பாக்ஸ் முடிகிற இடத்தில் இணைப்பைச் சுற்றிச் சிவப்பாக ஈரம், அங்கிருந்து ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, எல்லார் கண் முன்னாலும் விழுந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. மேனேஜர் டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "சீல் போயிருக்கு. சீல்ங்கிறது ரப்பர். ரப்பர் எல்லாம் வாரண்டியில வராதே" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கும் முன் அக்கா முந்திக்கொண்டாள். "வெளியில இருக்கிற ரப்பர்தானே தேயுற சாமான்? இது கியர்பாக்ஸ் உள்ள இருக்கிற சீல். இது போனதால கியர்பாக்ஸ் உதைக்குது. கியர்பாக்ஸ் வாரண்டியில இருக்கா இல்லையா?" என்றாள். நனைந்த உடையோடு, முகத்தில் சேற்றோடு நின்றுகொண்டு கேட்டாள். மேனேஜர் அவளைப் பார்த்தார், சொட்டைப் பார்த்தார், மேலிடத்துக்கு இரண்டு முறை போன் செய்தார். கடைசியில் சீலும் வேலையும் அவர்கள் பொறுப்பு, எண்ணெய் மட்டும் எங்கள் செலவு என்று பேசி முடிந்தது. பள்ளி திறப்பதற்குள் தந்துவிடுவோம் என்றார்கள்.

சனிக்கிழமை முழுக்க மாமா பட்டறைக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். அவர்கள் எடுப்பதை நிறுத்தியதும் நேரிலேயே போய் நின்றார். ஞாயிறு மாலை வண்டி வந்தது. இரண்டு தடவை மலையேறி இறங்கினோம், உதைக்கவில்லை. அக்காவின் உடையில் பட்ட சேற்றுக் கறையை அவர் நினைவாக வைத்துக்கொள்வார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு அவரைத் தெரியாது. வெள்ளிக்கிழமை வீடு திரும்பியதுமே எடுத்துவிட்டார். எங்கே இருந்தது, காட்டு பார்ப்போம் என்று என்னைத் தேடச் சொன்னார். எனக்குக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். மாமா ஓட்டினார். வண்டி மலையில் சுலபமாக ஏறியது, அக்கா பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பள்ளி வாசலில் நிறுத்தியதும் மாமா அவசர அவசரமாக இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, வழக்கம்போல் கையை நீட்டினார்.

அக்கா ஏற்கெனவே கீழே நின்றுகொண்டிருந்தாள். "வர்றேங்க" என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வாசலுக்குள் போனாள். பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று ஓடிவந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா நீட்டிய கையோடு நின்றார். கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவள் பிடித்து இறங்கிய கதவுப் பிடியைத் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.